செங்குளம் விலக்கு வர்றதுக்குள்ள

அக்கா, நீங்க எங்க எறங்கணும்? கல்லுப்பட்டியா? அப்பச் சரி. அப்ப செங்குளத்துக்கு ரோடு பிரியிற விலக்கைத் தாண்டித்தான் போவீங்க. எனக்கு ஒரு உதவி செய்யணும் நீங்க. பயப்படாதீங்க, காசு பணம் ஒண்ணும் இல்லை. வாயால செய்யிற உதவிதான்.

அந்தா, முன்படிக்கட்டுக்கு அடுத்த சீட்டுல, ஜன்னலோரமா, தலையில மப்ளர் சுத்திக்கிட்டு ஒரு பெரியவர் உக்காந்திருக்காகளா? மடியில மஞ்சப்பை வச்சுக்கிட்டு? அவுகதான் எங்க மாமனாரு. செங்குளம் விலக்குல பஸ்ஸு நிக்கும்ல, அந்த ரெண்டு நிமிஷம் நீங்க அவுக பக்கத்துல போயி நின்னு எதையாச்சும் கேளுங்க. மணி என்னன்னு கேளுங்க. இந்த பஸ்ஸு திருமங்கலத்துக்குள்ள போகுமான்னு கேளுங்க. எதுன்னாலும் சரி. அவுக மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பியிருக்கணும், அம்புட்டுத்தான். வெளிய பாத்துரக் கூடாது. நான் போயி நின்னா சந்தேகப்படுவாக. நீங்க அசலூரு, வயசுல பெரியவுக. கேட்டா மரியாதையாப் பதில் சொல்லுவாக.

என்னடா இது, பஸ்ஸுல ஏறுன ஒடனே ஒருத்தி பிடிச்சுக்கிட்டாளேன்னு பாக்காதீங்க. எனக்கு வேற ஆளு இல்லை. எங்க வீட்டுக்காரரு போர்வெல் வண்டில போயி மத்தியப்பிரதேசத்துல கெடக்காரு. மகன் நாமக்கல்லுல காலேஜு ஹாஸ்டல்ல இருக்கான். நானும் மாமாவும்தான். மாமாவுக்கு ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக்கு. சாதாரண அட்டாக் இல்லைக்கா. டாக்டரே சொன்னாரு, இதுல நூத்துக்குப் பாதிப்பேரு ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டாகன்னு.

என்ன தம்பி, டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா. ராஜபாளையத்துலயே ரெண்டு மதுரை எடுத்தாச்சு.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கு. காலையில காப்பி குடிச்சாக, டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சாக. அப்புறம் அடுப்படி வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "தமயந்தி, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா"ன்னாக. பாத்தா, பனியனைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும், அம்புட்டு வேர்வை. நான் என்ன செஞ்சேன்? வாயுவா இருக்கும் மாமான்னு சொல்லி ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டுப் படுத்தாக. நான் இட்லி ஊத்துனேன். ஆமாக்கா, இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் போயி எழுப்புறேன், ஒதடு நீலமா இருக்கு.

மதுரை ஆஸ்பத்திரியில டாக்டர் மொத வார்த்தையே அதைத்தான் கேட்டாரு. "ஏம்மா, வீட்டுலருந்து கெளம்பவே ஒரு மணி நேரம் லேட்டு?" நான் என்ன சொல்லுவேன், ஓமத்தண்ணி குடுத்தேன்னா சொல்லுவேன்? ஆட்டோ கெடைக்கலைன்னு சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துல இருதயத்துல ஒரு பக்கத்துச் சதையே செத்துப்போச்சாம். செத்த சதை திரும்ப வராதுன்னாரு. குழாய் வச்சு அடைப்பை எடுத்துட்டாக, ஆனா இருதயம் முப்பத்தஞ்சு சதவீதம்தான் வேலை செய்யுதாம்.

முப்பத்தஞ்சுன்னு கேட்டதும் மாமா சிரிச்சாக. ஐசியூல படுத்துக்கிட்டு சிரிக்கிறாகக்கா! "தமயந்தி, நாம ரெண்டு பேரும் ஒரே மார்க்கு"ன்னாக. அது என்னன்னா, நான் பத்தாங்கிளாஸ் கணக்குல பெயிலாயித்தான் கல்யாணமாகி வந்தேன். மாமாதான் திரும்பப் பணம் கட்டி, அவுக சைக்கிள்லயே கூட்டிட்டுப் போயி எழுத வச்சாக. மில்லுக்கு லீவு போட்டுட்டு பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னாக. நான் சரியா முப்பத்தஞ்சு வாங்குனேன். தெருப்பூராவும் லட்டு குடுத்தாக. முப்பத்தஞ்சுக்கு லட்டு குடுத்த மனுசன் உலகத்துலேயே எங்க மாமா ஒருத்தர்தான் இருப்பாக. பெத்த அப்பன்கூட எனக்கு அப்படிச் செய்யலை.

அப்பேர்ப்பட்டவுகளுக்கு நான் ஓமத்தண்ணி குடுத்துட்டு இட்லி ஊத்துனேன். அதுனாலதான்க்கா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் கையில ஒரு தப்பும் நடக்காதுன்னு.

டாக்டர் சொல்லியிருக்காரு: உப்பு ஆகாது. நான் ஊறுகாய்ப் பானையையே தூக்கி அடுத்த வீட்டுல குடுத்துட்டேன். டாக்டர் சொல்லியிருக்காரு: முக்கக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது, ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒடனே பாக்கணும். நான் பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளையே ஆசாரியைக் கூப்பிட்டுக் கழட்டிட்டேன். வெளியவே நிப்பேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா "மாமா?"ன்னு கூப்பிடுவேன், அவுக "ம்"முன்னு சொல்லணும். மொத நாளு சொல்லலை. கூச்சப்பட்டாக. அப்புறம் பழகிருச்சு. டிவியில நியூஸ் கெடையாது, நாடகம் கெடையாது. நாடகத்துல தெனம் ஒருத்தரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுறாக. செல்லை வாங்கி நான் வச்சுக்கிட்டேன். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைகூட என் முந்தானையிலதான் இருக்கு, இந்தாருங்க. அவுக சட்டைப்பையில வைக்கணும்னு நர்ஸு சொன்னுச்சு. பையில இருந்தா மறந்துருவாகன்னு நானே வச்சிருக்கேன்.

இதுக்கெல்லாம் மாமா ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லலை. "சரிம்மா" அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் "சரிம்மா". முப்பத்தெட்டு வருசம் மில்லுல ஃபிட்டரா இருந்தவுக. சங்கத்துல பேசுனா மேனேஜர் எந்திரிச்சு நிப்பாராம். இப்ப நான் மப்ளரைக் குடுத்தா கழுத்தை நீட்டுறாக.

இருங்கக்கா, இருமுற மாதிரி இருக்கு. எட்டிப் பாத்துக்கிறேன்.

இல்லை. ஜன்னலைத் தெறந்துவிட்டிருக்காக. காத்து வேணுமாம். வலது பக்கம் சீட்டுக் காலியா இருந்துச்சு, அங்க உக்காருங்க மாமான்னு அம்புட்டுத் தடவை சொன்னேன். என்னமோ இன்னைக்குன்னு பாத்து "இடது பக்கம்தான்மா காத்து"ங்கிறாக. பஸ்ஸு விசயத்துலயும் அப்படித்தான். நேரா மதுரை போற வண்டி நின்னுச்சு. எங்கேயும் நிக்காது, விலக்கைப் பறந்து தாண்டிருக்கும், எனக்கு இந்தத் தலைவலியே இல்லை. "அதுல குலுக்கும்மா, இதுல போவோம்"னு இந்த நின்னு நின்னு போற வண்டியில ஏறி உக்காந்துட்டாக. ரெண்டரை மாசத்துல மொத தடவையா என் பேச்சைக் கேக்கலை. சரி, ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு எதுக்குச் சண்டைன்னு விட்டுட்டேன்.

விலக்குல என்ன இருக்குன்னு கேக்குறீங்க. ஃபிளெக்ஸ் போர்டு இருக்குக்கா. ஆளு உயரத்துக்கு. கண்ணீர் அஞ்சலி, முப்பதாம் நாள்னு போட்டு, சின்னம்மா போட்டோவோட.

சின்னம்மான்னா மாமாவோட கூடப்பொறந்த தங்கச்சி. வடிவு, சங்கரவடிவு. எங்க வீட்டுக்காரருக்கு அத்தை, எனக்கு முறைக்குச் சின்னம்மா. செங்குளத்துல வாக்கப்பட்டு, புருசன் போயி, மகனோட இருந்துச்சு. மாமாவுக்கு அது ஒண்ணுதான் பொறப்பு. செத்து இன்னையோட முப்பது நாளு. மாமாவுக்குத் தெரியாது.

இப்ப வெளங்குச்சா?

நான் கெட்டவ இல்லைக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு: அதிர்ச்சியான சேதி எதுவும் காதுல விழக் கூடாது. அவரு சும்மா சொல்லலை, என்னையத் தனியாக் கூப்பிட்டு வச்சுச் சொன்னாரு. முப்பத்தஞ்சு இருக்கிற இருதயத்துல தங்கச்சி செத்த சேதியைப் போட்டா என்னத்துக்கு ஆகும்? இன்னைக்கு மதுரை ஆஸ்பத்திரியில ரிவ்யூ, எக்கோன்னு இருதயத்தை ஸ்கேன் எடுப்பாக. நாப்பத்தஞ்சு, அம்பதுன்னு ஏறியிருந்துச்சுன்னா டாக்டர்ட்டயே கேட்டுக்கிட்டு, அங்க வச்சே சொல்லிரலாம்னு இருக்கேன். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருக்கு, கட்டில் இருக்கு, நாலு பேரு ஓடி வருவாக. வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். இந்த விலக்கை மட்டும் தாண்டிட்டாப் போதும்க்கா. முப்பது நாளு காப்பாத்திட்டேன், இந்த ரெண்டு நிமிஷம் காப்பாத்தணும்.

சின்னம்மா எப்படின்னு கேட்டீங்கன்னா, பேசுனா தெரு நிக்கும். மாமா ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து தெனம் பஸ்ஸேறி வந்துரும். கையில தூக்குவாளி. அதுல என்னங்கிறீங்க? கருவாட்டுக் குழம்பு! எங்க அண்ணனுக்கு நாக்குச் செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு, அட்டாக் வந்த மனுசனுக்குக் கருவாட்டுக் குழம்பு! உப்புல ஊறுன கருவாடு! நான் வாங்கிக் கொட்டுனேன். மறுநாளும் கொண்டாந்துச்சு. மறுநாளும் கொட்டுனேன். "உப்பில்லாச் சோத்தைப் போட்டே எங்க அண்ணனைக் கொல்லப் போறா"ன்னு தெருக்கொழாயில நின்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுப் போச்சு. சொல்லலாமாக்கா? நான் பாத்ரூம் வாசல்ல நிக்கிறது இதுக்கா?

வந்து உக்காந்தா எந்திரிக்காது. சின்ன வயசுல கெணத்துல விழுந்தது, ஆத்தா அடிச்சது, எல்லாத்தையும் பேசி ரெண்டு பேரும் சிரிப்பாக. சிரிச்சா மூச்சு வாங்கும்ல? மாமா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாக. ஒருநாள் சொல்லிட்டேன். "சின்னம்மா, டாக்டர் ஆளுகளைப் பாக்க விடக் கூடாதுன்னுட்டாரு. ஒரு மாசத்துக்கு வராதீங்க." டாக்டர் அப்படிச் சொன்னாரான்னா, அதே வார்த்தையாச் சொல்லலை. கூட்டம் சேக்காதீங்கன்னாரு. சின்னம்மா ஒருத்தி பத்துப் பேருக்குச் சமம்தானே?

வராம இருந்துச்சு. எட்டு நாளு, பத்து நாளு. போன் பண்ணும், நான் எடுத்து, தூங்குறாகன்னு சொல்லுவேன். மாமா கேப்பாக, "வடிவு வரலையாம்மா?" பேத்திக்கு ஒடம்பு சரியில்லையாம் மாமான்னு சொல்லுவேன். "சரிம்மா."

அப்புறம் ஒருநாள் வந்துச்சு. காலையில ஒரு பதினோரு மணி இருக்கும். நான் கேட்டைத் தெறக்கலை. உள்ளதான் நின்னேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னம்மா, கையில தூக்குவாளி. தூங்குறாக சின்னம்மான்னு மெதுவாச் சொன்னேன். சொல்லி வாய் மூடலை, உள்ளேருந்து மாமா, "யாரு தமயந்தி?"ன்னு கேக்குறாக.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பால்காரரு, மாமா."

சின்னம்மா மொகத்துக்கு நேரா நின்னுக்கிட்டு சொன்னேன்க்கா. பதினோரு மணிக்கு எந்தப் பால்காரரு வருவாரு? வாயில அதுதான் வந்துச்சு. சின்னம்மா சத்தம் போடும்னு நெனச்சேன். தெருவைக் கூட்டும்னு நெனச்சேன். அதுவோ, தூக்குவாளியைக் கேட்டுக் கொக்கியில மாட்டிச்சு. என்னையப் பாத்துச்சு. போயிருச்சு. தெருமுக்குல நின்னு ஒருக்கா வீட்டைத் திரும்பிப் பாத்துச்சு, அம்புட்டுத்தான்.

வாளியைக் கொட்டத்தான் எடுத்தேன். மூடியைத் தெறந்தா கருவாடு இல்லை. வெள்ளைப்பூசணிக் கூட்டு. வாயில வச்சுப் பாத்தேன். உப்பு இல்லை. ஒரு கல்லு உப்புக்கூட இல்லைக்கா. எங்கேயோ யாருட்டயோ கேட்டு, பாசிப்பருப்புப் போட்டு, உப்பில்லாமச் செஞ்சு கொண்டாந்திருக்கு.

அப்பவாச்சும் மாமாவுக்குக் குடுத்திருக்கலாம்ல? குடுக்கலை. குடுத்தா யாரு கொண்டாந்ததுன்னு கேப்பாக. பால்காரரு கூட்டு வச்சுக் கொண்டாந்தாருன்னா சொல்ல முடியும்? சாக்கடையில ஊத்திட்டேன். வாளியைக் கழுவி அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன்.

நாலாம் நாளு சின்னம்மா போயிருச்சு. குளிச்சிட்டு வந்து, தலை சுத்துதுன்னு வாசப்படியில உக்காந்துச்சாம். உக்காந்தது எந்திரிக்கலை.

மூஞ்சியத் தொடைச்சுக்கிறேன், இருங்க. கிருஷ்ணன்கோயில் வந்துருச்சா? இன்னும் ஒரு கால் மணி நேரம் இருக்கு.

சின்னம்மா மகன் தங்கப்பழம் போன் பண்ணுனான். "தாய்மாமா வராம எப்படிக்கா தூக்குறது? பொறந்த வீட்டுக் கோடி வரணும்ல?" ஒங்க ஊருலயும் அதுதானே வழக்கம்? வாக்கப்பட்ட எடத்துல ஆயிரம் இருந்தாலும், கடைசியில பொறந்த வீட்டுச் சேலை மேல விழுந்தாத்தான் தூக்குவாக. அண்ணன் தம்பி வந்து போடணும். நான் தங்கப்பழம் கிட்ட கெஞ்சுனேன். "ஒரு சாவு போதும் தம்பி, ரெண்டாக்கிராதீங்க. கோடி நான் கொண்டாரேன், மாமா பேரைச் சொல்லி நான் போடுறேன்."

கடைக்குப் போக நேரமில்லை. பீரோவைத் தெறந்தேன். மாமா வருசா வருசம் தீபாவளிக்குத் தங்கச்சிக்குச் சேலை எடுப்பாக. வேற யாரையும் எடுக்க விட மாட்டாக, கடையில தானே உக்காந்து அறுபது சேலையைப் பிரிச்சுப் போடச் சொல்லி எடுப்பாக. இந்த வருசமும் எடுத்து வச்சிருந்தாக. மாம்பழக் கலரு, அரக்குக் கரை. குடுக்கிறதுக்குள்ளதான் அட்டாக்கு வந்துருச்சே. அந்தச் சேலையைத்தான் எடுத்துட்டுப் போனேன். மாத்திரை வாங்கிட்டு வாரேன் மாமான்னு சொல்லிட்டு, அடுத்த வீட்டு அக்காவைக் காவலுக்கு வச்சுட்டுப் போயி, செங்குளத்துல சின்னம்மா மேல போட்டேன். பொம்பளைக பேசுனாக. "அண்ணன் உசுரோட இருக்கையில மருமக வந்து கோடி போடுறா பாரு"ன்னு. பேசட்டும். என் மாமா உசுரோட இருக்காகள்ல, அது போதும் எனக்கு.

எழவு வீட்டுக்குப் போனா குளிக்காம வீட்டுக்குள்ள வர முடியுமா? அங்கேயே கொழாயில தலைக்கு ஊத்திட்டு, ஈரத்தோட வந்தேன். மாமா நாற்காலியில உக்காந்திருக்காக. "என்னம்மா, மத்தியானத்துல தலைக்குக் குளிச்சிருக்க?" நான் சட்டுன்னு சமாளிச்சேன். "வெயிலு மாமா, தாங்க முடியலை." கார்த்திகை மாசம்க்கா! அன்னைக்கு மழை வேற. ஆனா நம்பிட்டாக. பாவம், வெள்ளை மனசு. என் தலையவே கொஞ்ச நேரம் பாத்தாக. அப்புறம், "தொவட்டும்மா, சளி பிடிச்சுக்கும்"னாக.

அன்னைக்குச் சாயங்காலம் பீரோவைத் தெறந்து என்னமோ பாத்தாக. எனக்கு உசுரே போயிருச்சு, சேலை எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? கேக்கலை. மூடிட்டு வந்து படுத்துட்டாக. சேலை எடுத்ததே மறந்துபோச்சு போல. ஏன்னா அதுக்கப்புறம் "வடிவு வரலையா"ங்கிற பேச்சே இல்லை. ஒருநாள்கூடக் கேக்கலை. அட்டாக் வந்தவுகளுக்கு மறதி வருமாம்ல? இன்னைக்கு டாக்டர்ட்ட அதையும் சொல்லணும். தங்கச்சி பேரே மறந்துபோற அளவுக்கு மறதி, நல்லதில்லைல்ல?

போஸ்டருதான் பெரிய பாடு. தங்கப்பழம் ராஜபாளையத்துலயும் ஒட்டிட்டான். மாமா தெனம் காலையில கால் மணி நேரம் நடக்கணும், டாக்டர் சொல்லியிருக்காரு. நடக்கிற தெருவுல டீக்கடைச் செவரு, ரைஸ்மில் செவரு, எங்க பாத்தாலும் சின்னம்மா. கீழ "வருந்தும் சகோதரர் குருவையா"ன்னு மாமா பேரு வேற! தன் பேரைத் தானே வாசிச்சா என்ன ஆகும்? விடியுறதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணியோட போயி, ஒவ்வொண்ணா நனைச்சு உரிச்சேன். டீக்கடைக்காரரு சண்டைக்கு வந்தாரு, செத்தவுக மேல உனக்கென்னம்மா கோவம்னு. ரைஸ்மில் செவத்துல ஒண்ணை விட்டுட்டேன். மறுநாள் ஓடிப் பாத்தா, யாரோ ஒரு கிறுக்கன் போட்டோவை மட்டும் பிளேடு வச்ச மாதிரி அழகா வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். பேரெல்லாம் அப்படியே இருக்கு, மொகம் மட்டும் இல்லை. எதையெதையோ திருடுறானுக, செத்தவுக போட்டோவைத் திருடுவானுகளா?

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ, கல்லுப்பட்டியில எறங்கிட்டா அப்புறம் பாக்கப் போறதில்லை. தங்கச்சி செத்துப்போச்சுன்னு மாமாகிட்ட சொல்லிரலாம்க்கா. என்னைக்காச்சும் சொல்லித்தான் ஆகணும். ஆனா சின்னம்மா கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு, நான் பால்காரருன்னு சொன்னேன்னு எப்படிச் சொல்லுவேன்? உப்பில்லாமக் கூட்டு வச்சு எடுத்துட்டு வந்துச்சு, நான் சாக்கடையில ஊத்துனேன்னு எந்த வாயால சொல்லுவேன்? அவுக நெஞ்சு தாங்காதுன்னு எல்லார்ட்டயும் சொல்றேன். என் நெஞ்சுதான்க்கா தாங்காது. அவுக என்னைய ஒரு பார்வை பாத்துட்டாகன்னா நான் செத்தேன். முப்பத்தஞ்சுக்கு லட்டு குடுத்தவுகக்கா.

இன்னைக்குக் காலையில வேற மனசே சரியில்லை. அரிசி டிரம்மைச் சுத்தி அரிசி சிந்திக் கெடக்கு. எலி வந்துருச்சு போல. கூட்டக்கூட நேரமில்லாம கெளம்பியாச்சு. பையை நான் தூக்குறேன் மாமான்னா குடுக்க மாட்டேங்கிறாக. வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர்...

அந்தா, வளைவு திரும்பிருச்சு. புளியமரம் தெரியுது பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம்தான் போர்டு. எந்திரிங்கக்கா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. மணி கேளுங்க, மறந்துராதீங்க, மூஞ்சி இந்தப் பக்கம்...

ஏன், அவுக எதுக்கு எந்திரிக்கிறாக?

மாமா! மாமா, உக்காருங்க, இது மதுரை இல்லை! கண்டக்டர் தம்பி, விசில் குடுத்துராதப்பா, அந்தப் பெரியவரை உக்காரச் சொல்லு, ஹார்ட் பேசண்டுப்பா! மாமா, படிக்குப் போகாதீங்க!

என்ன சொல்றாக? எனக்கு ஒண்ணும் கேக்கலை, இஞ்சின் சத்தம். "விலக்கு வந்துருச்சும்மா, எறங்கணும்"ங்கிறாகளா?

இங்க எதுக்கு மாமா? இங்க யாரு இருக்கா நமக்கு?

பையைத் தெறக்கிறாக. அக்கா, பையிலருந்து...

தூக்குவாளிக்கா. சின்னம்மா தூக்குவாளி.

"பால்காரரு வாளியைத் திருப்பிக் குடுக்கணும்லம்மா"ங்கிறாக. கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கள்ல? "வெறும் வாளியாக் குடுக்கக் கூடாது, அரிசி போட்டிருக்கேன். வாய்க்கரிசிதான் போட முடியலை. ரிவ்யூவுக்கு அடுத்த வண்டியில போவோம், வா"ங்கிறாக.

தெரிஞ்சிருக்குக்கா. எல்லாம் தெரிஞ்சிருக்கு. முப்பது நாளும் "சரிம்மா, சரிம்மா"ன்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்திருக்காக. அன்னைக்குச் சின்னம்மா கேட்டுல நின்னதுகூட. உள்ள படுத்துக்கிட்டு, பால்காரருன்னு நான் சொன்னதைக் கேட்டு, தங்கச்சி செருப்புச் சத்தம் போறதைக் கேட்டு...

நான் எறங்கணும். மாத்திரை என்கிட்டல்ல இருக்கு. வழி விடுங்கக்கா. படி எங்க இருக்குன்னே தெரியலை.

அந்தா, எறங்கிட்டாக. எறங்கிக் கீழ நின்னுக்கிட்டு, வாளியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை எனக்கு நீட்டுறாக.

நீங்க மணியெல்லாம் ஒண்ணும் கேக்க வேண்டாம்க்கா. உக்காருங்க.